மற்றொரு பெயர்

திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி
தலைஞாயிறு போகும் வழியில் இறங்கியபோது
பையில் இருந்தவை:
பென் டிரைவ் நான்கு, ஸ்க்ரூடிரைவர் ஒன்று,
புளிக்கத் தொடங்கிய தயிர்சாதம்,
பதினோரு ஆசிரியர்களுக்கான வருகைத்தாள்.

ஆய்வகச் சாவி வேதாரண்யத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தது.
பூட்டை உடைக்கலாமா என்றார் தலைமையாசிரியர்.
யார் கையெழுத்துப் போடுவது என்றார் எழுத்தர்.
ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்
ஜன்னல் வழியே நுழைந்து
பின்கதவின் தாழை உள்ளிருந்து நீக்கினான்.
யாரும் வியந்ததாகத் தெரியவில்லை.

உள்ளே பத்துக் கணினிகள்.
உரிமம் காலாவதியாகிவிட்டது என்று
நான்கு வருடமாய் ஒரே வாக்கியத்தில் நிற்கும் திரைகள்.
ஒன்றின் பின்னால் குளவி கூடு கட்டியிருந்தது, அதை விட்டுவிட்டோம்.
மற்றவற்றைத் துடைத்து லினக்ஸ் ஏற்றும்போது
அமிர்தகடேசன் சார் கேட்டார்:
"இலவசம்னா எத்தனை நாளைக்கு?"
அந்தச் சொல்லை இங்கே
மிக்சியும் மின்விசிறியும் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.
காசு இல்லை என்பதல்ல சார்,
பூட்டு இல்லை என்பது, என்றேன்.
அவர் பின்கதவைப் பார்த்தார்.

அவர் கழுத்தில், அடையாள அட்டையோடு, ஒரு பென் டிரைவ்:
பத்தொன்பது வருட வேதியியல் வினாத்தாள்கள்.
ஒருவருக்கும் தந்ததில்லையாம்.

சிக்னல் இங்கே கடைமடைத் தண்ணீர்,
மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிஞ்சினால் வரும்.
என் போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு
ஆளுக்கொரு கணக்குத் திறந்தோம்.
கடவுச்சொல்லைச் சிலர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள்.

மதியத்துக்கு மேல் வரைபடம்.
யாரும் சேர்க்கலாம், யாரும் திருத்தலாம் என்றேன்.
பள்ளிக்கூடம் இருந்தது.
அரிச்சந்திரா நதி இருந்தது.
அதில் பிரிந்து சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால்
இல்லை.
புவியியல் ஜெகபர் நாச்சியா மவுஸைப் பிடித்தார்.
மதகு. ஒரு கிளிக்.
கருவேலங்காடு, வளைவு, இன்னொரு வளைவு,
இறால் குட்டை வரை
நீலமாய் ஒரு கோடு விழுந்தது.
பெயர் என்ன என்று கேட்டது கட்டம்.

"தேவராயன் வாய்க்கால். ரிக்கார்டுல அதான்,"
என்றார் அமிர்தகடேசன்.

கடைசி வரிசையில்
காலையிலிருந்து பேசாத இளஞ்சியம் டீச்சர்
திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
"எங்க தெருவுல மூக்காயி வெட்டும்பாங்க.
வெட்டுறப்ப கரை சரிஞ்சு
உள்ளயே போயிட்டாங்க அவங்க."

எனக்குத் தெரியாத ஏதோ ஓர் ஐம்பது வருடம்
அறைக்குள் வந்து
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தது.
என் பயிற்சிக் கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.
நான் செய்தது இவ்வளவுதான்:
திரையைக் கொஞ்சம் கீழே உருட்டினேன்.
அங்கே இன்னொரு கட்டம் இருந்தது.
மற்றொரு பெயர்.

அவர் எழுந்து வந்தார்.
தமிழ் விசைகள் பழக்கமில்லை. ஒற்றை விரலால்
'மூ'வைத் தேட நேரம் பிடித்தது.
ஜெகபர் நாச்சியா காட்டித்தரக் கை நீட்டி,
பிறகு மடக்கிக்கொண்டார்.

மூக்காயி வெட்டு.
சேமி.

நாலரைக்கு மின்சாரம் போயிற்று.
கையெழுத்துகள் வாங்கினேன்.
பயணப்படி எப்போது வரும் என்றார் ஒருவர்,
என்னிடம் பதில் இல்லை.

இரவு, தஞ்சாவூரை நெருங்கும் பஸ்ஸில்
போன் அதிர்ந்தது: வாய்க்காலில் ஒரு திருத்தம்.
செய்தவர் அமிர்தகடேசன்.
அழித்துவிட்டார் என்றே நினைத்தேன்.
திறக்காமல் இரண்டு நிறுத்தம் வைத்திருந்தேன்.

இரண்டு பெயர்களும் இருந்தன.
மதகை மட்டும்
ஆறடி கிழக்கே நகர்த்தியிருந்தார்.
குறிப்பில் ஒரு வரி:
டார்ச் அடித்து நேரில் பார்த்தது.

பென் டிரைவைப் பற்றி ஒன்றும் இல்லை.
அது அவர் கழுத்தில்தான் இருக்கும்.